ஷேவிங் சோப்புக்கு ஸ்பூன் கணக்கு உதவாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வீட்டிலேயே ஷேவிங் சோப்பு செய்வது பற்றி ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. குளியல் சோப்பைத் துருவித் தேங்காய் எண்ணெய் விட்டு உருக்க வேண்டும், நுரை போதாவிட்டால் இரண்டு ஸ்பூன் காஸ்டிக் சோடா சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். முதல் பாதி வீண் வேலை. இரண்டாம் பாதி முகத்தைப் பொசுக்கும் வேலை. சேலத்திலும் ஏற்காட்டிலும் பொழுதுபோக்காகச் சோப்பு காய்ச்சும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். செய்முறை சற்று நீளம். அளவுகளைச் சுருக்கினால் பயனில்லை என்பதால் முழுதாக வெளியிடக் கோருகிறோம்.

குளியல் சோப்பு அழுக்கை எடுத்துக்கொண்டு தண்ணீரோடு போய்விட வேண்டும். ஷேவிங் சோப்பு போகக் கூடாது, நிற்க வேண்டும். தாடி மயிர் ஈரத்தை உறிஞ்சி மெத்தென்று ஆக இரண்டு மூன்று நிமிடமாவது பிடிக்கும். அதுவரை தண்ணீரை முகத்தில் பிடித்து வைப்பதும், பிளேடு வழுக்கிச் செல்ல வழி விடுவதும்தான் நுரையின் வேலை. தேங்காய் எண்ணெய்ச் சோப்பின் நுரை பெரிய பெரிய குமிழாகப் பொங்கும், அரை நிமிடத்தில் படுத்துவிடும். குமிழைச் சிறியதாக்கி, கட்டித் தயிர் போல நிற்க வைப்பது ஸ்டியரிக் ஆசிட் என்ற கொழுப்பு அமிலம். நல்ல ஷேவிங் சோப்பின் கொழுப்பில் பாதியளவு இதுவாகவே இருக்கும். குளியல் சோப்பில் அது அவ்வளவு கிடையாது; துருவி உருக்கினாலும் வராது.

அடுத்தது காரம், அதாவது கொழுப்பைச் சோப்பாக்கும் பொருள். குளியல் சோப்புக்குக் காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, மட்டும் போதும். ஸ்டியரிக்கை அதனோடு மட்டும் சேர்த்தால் கிடைக்கும் சோப்பு குளிர்ந்த தண்ணீரில் கரையவே கரையாது. பிரஷ்ஷை எவ்வளவு தேய்த்தாலும் கட்டி அப்படியே இருக்கும். காஸ்டிக் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, சேர்ந்தால்தான் கரையும். பொட்டாஷ் மட்டும் என்றால் களிம்பாகிவிடும். ஆகவே இரண்டும் வேண்டும்: சோப்பாக்கும் வேலையில் (எடையில் அல்ல) பொட்டாஷ் 70, சோடா 30 என்ற பங்கு எங்களுக்குச் சரியாக வருகிறது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அதே எடையில் போட முடியாது. 40 கிராம் சோடா செய்யும் வேலைக்கு 56 கிராம் பொட்டாஷ் தேவை. ஸ்பூன் கணக்கு ஆபத்து என்பது இதனால்தான். செதில், முத்து, தூள் என்று காஸ்டிக் பல வடிவில் வருகிறது. ஒரு ஸ்பூனில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எடை நிற்கும். 0.1 கிராம் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நிறைந்த செவ்வாய்ப்பேட்டை உள்ள ஊரில் அப்படி ஒரு தராசு கிடைக்காமல் போகாது.

300 கிராம் கொழுப்புக்கான கணக்கு இது. ஸ்டியரிக் ஆசிட் 150 கிராம், தேங்காய் எண்ணெய் 60, ரேஷன் பாமாயில் 60, விளக்கெண்ணெய் 30. காரத்துக்குக் காஸ்டிக் சோடா 13 கிராம். காஸ்டிக் பொட்டாஷ் எவ்வளவு என்பது டப்பாவில் போட்டிருக்கும் தூய்மையைப் பொறுத்தது: 90 சதவீதம் என்றால் 46.5 கிராம், 85 சதவீதம் என்றால் 49 கிராம். பொட்டாஷ் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் பொருள். அதனால் முழுத் தூய்மையில் கடையில் கிடைப்பதில்லை. மூடியைத் திறந்து வைத்தால் தூய்மை மேலும் குறையும். தண்ணீர் 140 கிராம், கடைசியில் சேர்க்கக் கிளிசரின் 25 கிராம். எல்லாமே எடை, எண்ணெயையும் தண்ணீரையும் மில்லியில் அளக்கக் கூடாது. இந்த அளவில் கொழுப்பு ஏறத்தாழ 4 சதவீதம் காரத்தில் சிக்காமல் மிஞ்சும்படி கணக்கிட்டிருக்கிறோம். அந்த மிச்சம்தான் தோலுக்குப் பாதுகாப்பு.

பொருள் வாங்கும்போதே பாதி தவறுகள் நடந்துவிடுகின்றன. ஸ்டியரிக் ஆசிட் மெழுகுவத்தி செய்பவர்களுக்கான கடையில் வெள்ளைச் செதிலாகவோ மணியாகவோ கிடைக்கும். சில சமயம் பாரஃபின் மெழுகு கலந்து வரும். பாரஃபின் எந்தக் காரத்திலும் சோப்பாகாது. சோதிக்க எளிய வழி உண்டு. அரை டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சலவைச் சோடாவைக் கரைத்து, நான்கைந்து செதில்களைப் போட்டுச் சூடாக்குங்கள். ஸ்டியரிக் என்றால் நுரைத்துக் கரைந்து சோப்புத் தண்ணீராகும். மெழுகு என்றால் எண்ணெய்ப் படலமாக மேலே மிதக்கும்.

விளக்கெண்ணெய் நம் பக்கத்துச் சரக்கு. ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்தே வேளாண் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கும் மாவட்டம் இது. ஆனால் 'தீப எண்ணெய்', 'பூஜை எண்ணெய்' என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள். அவை பல எண்ணெய்களின் கலவை. எவ்வளவு காரம் பிடிக்கும் என்று யாராலும் கணக்குப் போட முடியாது. மருந்துக் கடையில் கிடைப்பதோ, செக்கில் ஆட்டியதோ போதும். இது நுரையில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பிசுபிசுக்கும்.

பாமாயில் பிடிக்காதவர்கள் உருக்கி வடிகட்டிய ஆட்டுக் கொழுப்பை அதே 60 கிராம் சேர்க்கலாம். கார அளவை மாற்றத் தேவையில்லை. நுரையின் வழவழப்பில் ஆட்டுக் கொழுப்பு ஒரு படி மேல் என்பது எங்களில் பாதிப் பேரின் கட்சி. மற்ற பாதிப் பேருக்கு அது உருகும் வாடையே ஆகாது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வேண்டாம். இவை சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். இரண்டு மூன்று மாதத்தில் சோப்பில் ஆரஞ்சுப் புள்ளிகள் கிளம்பும்.

காரத்தைக் கரைக்கப் போர் தண்ணீரை எடுக்கக் கூடாது. வண்டிகளுக்கு ஊற்றும் பேட்டரித் தண்ணீர் உப்பு நீக்கியது, அது நல்லது. கேட்டு வாங்கும்போது கவனம்: பேட்டரி ஆசிட் வேறு, பேட்டரித் தண்ணீர் வேறு.

பாத்திரம் எவர்சில்வர் மட்டுமே. உருக்காலை உள்ள ஊரில் இதைச் சொல்ல வேண்டியதில்லைதான், ஆனாலும் அலுமினியச் சட்டியை அடுப்பில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அலுமினியத்தைக் காரம் அரித்துத் தின்னும். அப்போது தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். பித்தளை, செம்பு, இரும்பும் ஆகாது. காரம் கரைக்கக் கனமான பிளாஸ்டிக் ஜாடி போதும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கட்டும். குடிநீர் பாட்டில், கண்ணாடி டம்ளர் வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் காஸ்டிக் டப்பாவைத் திறக்கக் கூடாது. எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொட்ட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கரையும்போதே சூடு 80 டிகிரியை நெருங்கும், ஆவி மூக்கைத் துளைக்கும், ஜன்னலோரமாகச் செய்யுங்கள். தோலில் பட்டால் கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். கண்ணில் பட்டால் உடனே கழுவத் தொடங்கி, கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். வினிகரையோ எலுமிச்சையையோ தோலில் ஊற்றக் கூடாது. வினிகர் மேடையைத் துடைக்க மட்டும்.

இனிக் காய்ச்சும் முறை. எல்லாக் கொழுப்பையும் ஒன்றாக உருக்கிக் காரத்தை ஊற்றுவதுதான் பலரும் சொல்லும் வழி. அதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டியரிக் ஏற்கெனவே அமிலம். காரம் பட்ட நொடியில் சோப்பாகிக் கெட்டிப்பட்டுவிடும். எண்ணெய்கள் மெதுவாகத்தான் சோப்பாகும். ஸ்டியரிக் முந்திக்கொண்டு இறுகினால் நடுவில் எண்ணெய் ஒரு பக்கமும் காரம் ஒரு பக்கமுமாகச் சிறைப்பட்டுக்கொள்ளும். அதனால் எண்ணெய்களை முதலில் முடித்துவிட்டு ஸ்டியரிக்கைப் பிறகு விடும் முறையைப் பரிந்துரைக்கிறோம்.

இரண்டு லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பாத்திரத்தை, தண்ணீர் கொதிக்கும் அகலப் பாத்திரத்துக்குள் இறக்கி வையுங்கள். 300 கிராமுக்கு இவ்வளவு பெரிய பாத்திரமா என்று தோன்றும். சோப்பு பொங்கும்போது புரியும். மூன்று எண்ணெய்களையும் அதில் 80 டிகிரிக்குச் சூடாக்கி, கரைத்து வைத்த முழுக் காரத்தையும் மெல்ல ஊற்றிக் கிளறுங்கள். மோர் கடையும் மின் மத்தை இந்தக் கட்டத்தில் மட்டும் பயன்படுத்தலாம். 300 கிராமுக்கான காரம் 150 கிராம் எண்ணெயைச் சந்திப்பதால் வேலை வேகமாக நடக்கும். இருபது முப்பது நிமிடத்தில் எண்ணெய்ப் பளபளப்பு மறைந்து குழம்பாகும். திரிந்த பால் போலக் கட்டி கட்டியாக நின்றாலும் பயம் வேண்டாம். அது காரம் அதிகமாக இருப்பதன் அடையாளம். ஸ்டியரிக் சேர்ந்ததும் கூடிவிடும்.

இதற்குள் ஸ்டியரிக்கை வேறொரு பாத்திரத்தில் உருக்கி 80 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். அதை நான்கு பங்காக ஊற்றி ஒவ்வொரு முறையும் அடி தொட்டுக் கிளறுங்கள். ஸ்டியரிக் ஆறியிருந்தால் சோப்புக்குள் வெள்ளை வெள்ளை மணியாக உறைந்து கடைசிவரை கரையாது. சவரம் செய்யும்போது கன்னத்தில் மணல் போலத் தட்டும். மூன்றாம் பங்கு போகும்போது மத்து ஓடாது, ஓட்டினால் மோட்டார் புகையும். தடித்த எவர்சில்வர் கரண்டிக்கு மாறுங்கள். ராகிக் களி கிண்டிப் பழகிய கைக்கு இந்தப் பதம் புதிதல்ல. ஆனால் களி கிண்டும் மரத் துடுப்பை இதில் விடக் கூடாது. காரத்தில் மரம் நார் நாராகப் பிரியும்.

இந்த வரிசைக்கு இன்னொரு லாபமும் உண்டு. எண்ணெய்கள் முழுதும் சோப்பாகிவிடுவதால் மிஞ்சும் 4 சதவீதம் ஸ்டியரிக்காகவே இருக்கும். இந்த அளவில் சுமார் 13 கிராம். எண்ணெய் மிஞ்சினால் நுரையை அமுக்கும், நாளாவட்டத்தில் சிக்கு வாடை அடிக்கும். ஸ்டியரிக் மிஞ்சினால் கெடாது, நுரையும் அடர்த்தியாகும். ஷேவிங் கிரீம்களில் தெரியும் முத்து போன்ற மினுமினுப்பு இப்படி மிஞ்சும் ஸ்டியரிக்கால் வருவதுதான்.

பாத்திரத்தை மூடி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிக்கொண்டு முக்கால் மணி நேரம் வேக விடுங்கள். வெண்மை குறைந்து, வாஸ்லின் போல லேசாக ஒளி ஊடுருவும் பதம் வரும். பட்டாணி அளவு எடுத்து ஆற வைத்து, கொஞ்சம் பேட்டரித் தண்ணீரில் கரைத்து, காரத்தன்மையை நிறத்தால் காட்டும் பி.எச். தாளை அதில் நனையுங்கள். 9 முதல் 10 வரை சரி. 11ஐத் தாண்டினால் காரம் மிஞ்சியிருக்கிறது. முதலில் இன்னும் இருபது நிமிடம் வேக விட்டுப் பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் உருகிய ஸ்டியரிக்கை 5 கிராம் சேர்த்துக் கிளறி மறுபடி சோதியுங்கள். 5 கிராம் ஸ்டியரிக் சுமார் 1 கிராம் பொட்டாஷை விழுங்கும். மாறாகக் காரம் குறைந்துபோய் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால், அடுப்பிலேயே காஸ்டிக் தூவிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அந்தச் சோப்பைப் பாத்திரம் துலக்க ஒதுக்கிவிட்டுத் தராசைச் சோதியுங்கள்.

கிளிசரினை இப்போது, சூடாக இருக்கும்போதே சேர்க்க வேண்டும். சோப்பு காய்ச்சினால் கிளிசரின் தானாகவே கிடைக்குமே, எதற்குத் தனியாக என்று கேட்பார்கள். எண்ணெய் சோப்பாகும்போதுதான் கிளிசரின் பிரியும். ஸ்டியரிக் சோப்பாகும்போது பிரிவது தண்ணீர் மட்டுமே. பாதிக்குப் பாதி ஸ்டியரிக் என்பதால் இந்தச் சோப்பில் கிளிசரினும் பாதிதான். அதை ஈடுகட்டவே 25 கிராம். 40 கிராமுக்கு மேல் போனால் மழைக்காலத்தில் சோப்பு வியர்க்கும்.

வாசனை உங்கள் விருப்பம், விட்டுவிட்டாலும் குறையில்லை. மொத்தம் 480 கிராம் அளவு வரும் சோப்புக்கு 7 கிராம் வாசனை எண்ணெய் உச்சம். வெட்டிவேர், யூகலிப்டஸ் நன்றாக நிற்கும். இலவங்கமும் பட்டையும் சவரம் செய்த தோலில் எரியும். எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயோடு வெயிலில் இறங்கினால் சிலருக்குத் தோல் கறுக்கும். புதினா உப்பு இரண்டு கிராமைத் தாண்டினால் கண்ணில் நீர் வரும். ஏற்காட்டுக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி காபித்தூள் போடலாமா என்பது. வேண்டாம். தூளின் ஒவ்வொரு துகளும் பிளேடுக்கு ஒரு கல். அதைக் குளியல் சோப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். முல்தானி மிட்டி 5 கிராம் வரை சேர்த்தால் பிளேடு வழுக்கும். அதிகமானால் நுரை வறண்டுபோகும்.

சூடு ஆறுவதற்குள் அகலமான எவர்சில்வர் கிண்ணத்திலோ டப்பாவிலோ அழுத்தி நிரப்புங்கள். கிண்ணத்தைத் துணி மடிப்பின் மேல் நாலு தட்டு தட்டினால் உள்ளே காற்றுக்குழி நிற்காது. இது வார்த்து ஊற்றும் சோப்பு அல்ல, வழவழவென்று மேல்பரப்பு வராது. அதற்காக வருத்தப்பட வேண்டாம். மறுநாளே பயன்படுத்தலாம் என்றாலும் மூன்று வாரம் திறந்து வைத்தால் தண்ணீர் குறைந்து நுரை நன்றாக எழும்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சேலத்தில் நல்ல சோப்பும் தோற்பது இந்த இடத்தில்தான். ஊருக்கு வடக்கே மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் பாறை இருப்பது எல்லோருக்கும் தெரியும். அது மெக்னீசியம் கார்பனேட். அந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்போடு மெக்னீசியமும் கரைந்து வரும். இரண்டும் சோப்பைப் பிடித்துக் கரையாத வெள்ளைத் திப்பியாக்கிவிடும். பக்கெட் ஓரத்தில் படியும் சாம்பல் நிற வளையம் அதுதான். ஸ்டியரிக் சோப்பு இதில் மற்றவற்றைவிட மோசமாக அடிபடும். பிரஷ்ஷில் நுரை வருவது போல வந்து, முகத்தில் தடவியதும் மோர் போல நீர்த்துவிட்டால் குற்றம் சோப்பில் இல்லை, தண்ணீரில்.

சந்தேகமிருந்தால் இரண்டு சிறு பாட்டில் எடுத்து, ஒன்றில் பேட்டரித் தண்ணீர், மற்றதில் வீட்டுத் தண்ணீர் பாதி ஊற்றி, கடுகளவு சோப்பு போட்டுக் குலுக்கிப் பாருங்கள். கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீர் ஓரளவு உதவும். ஆனால் கொதியில் நீங்கும் கடினம் ஒரு பகுதிதான், மீதி அப்படியே நிற்கும். மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் போரைவிட எவ்வளவோ மேல். பிரஷ்ஷை நனைக்கவும் நுரை எழுப்பவும் ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீர் இருந்தால் போதும்; முகம் கழுவ எந்தத் தண்ணீரும் சரி.

தண்ணீரை மாற்ற முடியாதவர்கள் சோப்பிலேயே மாற்று வைக்கலாம். 6 கிராம் சிட்ரிக் அமிலத்தை முதலில் அந்த 140 கிராம் தண்ணீரில் கரைத்துவிட்டுப் பிறகு காரத்தைக் கரையுங்கள். அது சிட்ரேட்டாக மாறி, சுண்ணாம்பையும் மெக்னீசியத்தையும் சோப்புக்கு முன்னால் பிடித்து வைக்கும். ஆனால் அமிலம் காரத்தைத் தின்னும் என்பதை மறக்கக் கூடாது. 6 கிராமுக்கு ஈடாகப் பொட்டாஷைக் கூட்ட வேண்டும்: 90 சதவீதத் தூய்மையில் 5.8 கிராம் கூடுதல், 85இல் 6.2 கிராம். இதைக் கூட்டாமல் விட்டால் கொழுப்பு மிச்சம் இரண்டு மடங்கைத் தாண்டி, நுரைக்குச் செய்த வைத்தியமே நுரையைக் கொன்றுவிடும்.

சவரம் முடிந்ததும் தடவும் படிகாரமும் இதே வகைப் பகைதான். படிகாரத்திலுள்ள அலுமினியம் சோப்பைத் திரித்துவிடும். படிகாரம் தொட்ட கையால் பிரஷ்ஷைத் தொட்டு, மறுபடி ஒரு சுற்று நுரை எழுப்பப் பார்த்தால் வராது.

மலைமேல் காய்ச்சுபவர்களுக்குச் சில மாற்றங்கள். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். வேலைக்கு அது போதும், வேகும் நேரத்தை மட்டும் ஒரு மணி நேரமாக்கிக்கொள்ளுங்கள். சீக்கிரம் ஆகட்டும் என்று பிரஷர் குக்கரில் மூடி வைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம்; பொங்கும் சோப்பு வெயிட் குழாயை அடைத்துக்கொள்ளும். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும்; பாட்டிலோடு வெந்நீரில் வைத்து முழுதாக உருக்கிவிட்டு எடை போடுங்கள். கிண்ணத்தில் நிரப்புவதற்கு முன் கிண்ணத்தையும் வெந்நீரில் சூடாக்குங்கள், இல்லாவிட்டால் ஓரம் உடனே இறுகி உள்ளே பொத்தல் விழும். மூடுபனி நாட்களில் பொட்டாஷ் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாக எடை போடக் கூடாது. கண்ணெதிரே கசியத் தொடங்கும். சோப்பு ஆறவும் இரு மடங்கு நாள் விடுங்கள். சேலத்துக் கோடையில் இதற்கு நேர்மாறு: பத்து நாளில் காய்ந்துவிடும், ஓரம் சுருங்கிக் கிண்ணத்தை விட்டு விலகும். அது குறையல்ல.

பயன்படுத்தும்போது வரும் புகார்களில் முக்கால்வாசி தண்ணீர் அளவைப் பற்றியவை. பிரஷ்ஷை இரண்டு நிமிடம் ஊற வைத்து, நன்றாக உதறிவிட்டு, சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றுங்கள். பசை போல ஏறும். பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து ஒன்றிரண்டு நிமிடம் முகத்திலேயே சுழற்றினால் நுரை உயரும். குமிழ் பெரிதாகத் தெரிந்தால் தண்ணீர் அதிகம். இழுத்தால் பசையாக நின்றால் குறைவு. எவ்வளவு முயன்றும் சோப்பு பிரஷ்ஷில் ஏறவே இல்லை என்றால் சோடா பங்கு கூடியிருக்கிறது அல்லது வேகும்போது தண்ணீர் வற்றியிருக்கிறது. அந்தச் சோப்பைத் துருவி, 20 கிராம் வெந்நீர் விட்டு மறுபடி கிளறி நிரப்பினால் பெரும்பாலும் தேறிவிடும்.

சாம்பல் தண்ணீரில் இயற்கையாகச் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விறகுச் சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட். அது ஸ்டியரிக்கைச் சோப்பாக்கும், பொங்கி வழியும். ஆனால் எண்ணெயை முழுதாகச் சோப்பாக்கும் வலு அதற்கு இல்லை. அடுப்புக்கு அடுப்பு சாம்பலின் வலுவும் மாறும். இயற்கை என்பதால் அளவு தேவையில்லை என்று ஆகிவிடாது.

கடையில் வாங்குவதைவிட மலிவாக முடியும் என்று எண்ணி இதில் இறங்க வேண்டாம். தராசு, உறை, பி.எச். தாள் என்று போட்ட பணத்தைச் சோப்பில் எடுக்க நாளாகும். நன்றாக வந்ததும் விற்கத் தோன்றும். அதற்கு வேறு சட்டம் இருக்கிறது. 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருட்கள் விதிகளும், விற்பனைக்குத் தயாரிப்பவர் மாநில அதிகாரியிடம் உரிமம் பெற வேண்டும் என்கின்றன. நண்பர்களுக்குக் கொடுக்கும்போதும் என்னென்ன சேர்ந்தது, எந்தத் தேதியில் காய்ச்சியது என்று டப்பாவின் மேல் எழுதிக் கொடுங்கள். வாசனை எண்ணெய் ஒவ்வாதவர்கள் இருப்பார்கள். மிஞ்சிய காஸ்டிக்கை அதன் சொந்த டப்பாவிலேயே இறுக மூடி, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலிலோ சமையல் சோடா டப்பாவிலோ மாற்றி வைக்கக் கூடாது.

ஞாயிறு இணைப்பில் 'இரண்டு ஸ்பூன் காஸ்டிக் சோடா' என்று வந்த வரிக்குத் திருத்தம் ஒன்றை, முடிந்தால் அதே பக்கத்தில், வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். குறிப்பைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள் திருத்தத்தைத் தேடுவதும் அந்தப் பக்கத்தில்தான்.

இப்படிக்கு,
சோப்பு காய்ச்சும் வாசகர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம் மற்றும் ஏற்காடு.